மின்கலத்தில் ஓடும் நீர்மூழ்கிக்கு ஓசையே இல்லையா?

ஒரு வாசகரின் கூற்று: "டீசல் எஞ்சினை நிறுத்திவிட்டு மின்கலத்தில் ஓடும் நீர்மூழ்கிக்கு ஓசை என்பதே கிடையாது. மின்மோட்டாரில் எரிவதற்கும் வெடிப்பதற்கும் எதுவும் இல்லை. அதைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்கலாம் என்பது கட்டுக்கதை. மின்சாரத்தில் ஓடும் டார்பிடோவுக்கும் இது பொருந்தும். அது வந்து மோதும்வரை எதிரிக் கப்பலுக்குத் தெரியப் போவதில்லை."

பிப்ரவரி 3, காலை

மோட்டாரில் எதுவும் எரிவதில்லை என்பது உண்மை. அதிலிருந்து ஓசையே இல்லை என்ற முடிவுக்குத் தாவியதுதான் தவறு. நான் கடற்படையில் இருந்தவன் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தவன். பம்பும் மோட்டாரும் விசிறியும் எப்படி ஒலி எழுப்புகின்றன, அந்த ஒலி எந்த வழியாக வெளியேறுகிறது என்ற கணக்கு தொழிற்சாலைக்கும் நீர்மூழ்கிக்கும் ஒன்றுதான்.

மோட்டாரின் சுழலும் பகுதி எவ்வளவு கவனமாகச் சமன் செய்யப்பட்டாலும் ஒரு பக்கம் சில கிராம் கூடுதலாகவே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது தாங்கிகளை ஒருமுறை இழுக்கும். காந்தப்புலம் இரும்பை விட்டுவிட்டு இழுப்பதால் ஒரு முனகல் எழும். பேரிங்கின் குண்டுகள் உருள்வதற்கென்று தனி ஒலி உண்டு. இவற்றோடு கப்பலுக்குள் மனிதர்கள் மூச்சுவிட வேண்டும் என்பதால் காற்றோட்ட விசிறிகள் ஓடுகின்றன. மின்னணுக் கருவிகளைக் குளிர்விக்கப் பம்புகள் ஓடுகின்றன. சுக்கானை அசைக்க எண்ணெய் அழுத்தம் வேண்டியிருக்கிறது. உணவு கெடாதிருக்கக் குளிர்பதனப் பெட்டி இயங்குகிறது. இத்தனையும் ஓர் இரும்புக் கூட்டுக்குள் நடக்கின்றன, அந்தக் கூடு நீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மத்தளத்தின் தோலைப் போல அது உள்ளே நடப்பதை வெளியே சொல்லிவிடுகிறது.

ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். பெரிய பம்பு ஒன்றின் அதிர்வு பக்கத்து அறையின் தரை வரைக்கும் வருகிறது என்று என்னை அழைத்திருந்தார்கள். பம்பு நல்ல தரமான ரப்பர்த் தாங்கிகளின் மேல்தான் நின்றது. அளந்து பார்த்தபோது தாங்கிகளுக்கு மேலே பலத்த அதிர்வும் கீழே மிகக் குறைந்த அதிர்வும் இருந்தன, அதாவது தாங்கிகள் தம் வேலையைச் சரியாகவே செய்தன. இரண்டு நாள் தேடிய பிறகு, பம்பிலிருந்து செல்லும் குழாய் ஒன்றைச் சுவரோடு இறுகப் பிடித்திருந்த ஓர் இரும்புப் பட்டையைக் கண்டேன். கையகலம்கூட இல்லாத அந்தப் பட்டையைத் தளர்த்தியதும் பக்கத்து அறை அடங்கிவிட்டது. அதிர்வுக்கு ஒரே ஒரு கடினமான பாதை கிடைத்தால் போதும். மற்ற பாதைகளை அடைக்கச் செலவிட்ட உழைப்பு முழுவதும் வீணாகிவிடும்.

நீர்மூழ்கியை அமைதியாக்கியவர்கள் போராடியது பெரும்பாலும் இந்தப் பாதைகளோடுதான். 1966இல் பணியில் சேர்ந்த பிரிட்டனின் வேலியன்ட் நீர்மூழ்கியில் முதன்மை இயந்திரங்கள் கப்பற்கூட்டின் மேல் நேரடியாக நிற்காமல், மெத்தென்ற தாங்கிகளின் மேல் அமைந்த ஒரு தனித்தளத்தில் நின்றன. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜெர்மனி கட்டிய 21ஆம் வகை நீர்மூழ்கியில் முதன்மை மோட்டார்களைத் தவிர, மெதுவாக ஊர்ந்து செல்வதற்கென்றே இரண்டு சிறிய மோட்டார்கள் இருந்தன. அவை பற்சக்கரங்களை நம்பாமல் பெல்ட்டுகள் வழியாகத் தண்டைச் சுழற்றின. மின்மோட்டார் மட்டும் இருந்தால் ஓசை இராது என்றால் அந்தப் பெல்ட்டுகளுக்குத் தேவையே இருந்திருக்காது.

பிப்ரவரி 3, இரவு

காலையில் எழுதியதில் முக்கியமான பாதியை விட்டுவிட்டேன். ஓசை எதிரிக்குக் கேட்பது ஒரு தொல்லை. தன் ஓசை தன் காதையே அடைப்பது இன்னொரு தொல்லை. நீர்மூழ்கிக்குச் சன்னல் கிடையாது, ஆழத்தில் ரேடார் பயன்படாது, கேட்பது ஒன்றே அதன் புலன். தன் பம்பின் முனகல் எந்த அதிர்வெண்ணில் இருக்கிறதோ அந்த அதிர்வெண்ணில் தொலைவிலிருந்து வரும் மெல்லிய ஒலியை அது இழந்துவிடுகிறது. ஆகவே ஒரு நீர்மூழ்கியை 10 டெசிபல் அமைதியாக்கினால் எதிரிக்கு அது அவ்வளவு தூரம் மங்குகிறது, அதே வேளையில் எதிரி அதற்குத் தெளிவாகிறான். ஒரே செலவில் இரண்டு பயன் என்பதால்தான் கடற்படைகள் இதற்கு இவ்வளவு பணத்தைக் கொட்டின.

பிப்ரவரி 5

புரொப்பெல்லரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இதை விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இயந்திரத்தை எவ்வளவு அடக்கினாலும் நீரைத் தள்ளும் வேலையை யாராலும் ஒளிக்க முடியாது.

புரொப்பெல்லரின் இதழ் நீரை வெட்டிச் செல்லும்போது அதன் ஒரு முகத்தில் அழுத்தம் கூடுகிறது, மறுமுகத்தில் குறைகிறது. வேகம் ஏற ஏறக் குறைந்த பக்கத்து அழுத்தம் நீரின் ஆவியழுத்தத்துக்கும் கீழே இறங்கி, குளிர்ந்த நீரே அந்த இடத்தில் கொதித்துக் குமிழிகளாகிறது. அக்குமிழிகள் சற்றுத் தள்ளி, அழுத்தம் மீண்டும் கூடும் இடத்துக்குப் போனதும் நொறுங்குகின்றன. கேவிட்டேஷன் என்று பொறியாளர்கள் சொல்லும் இந்த நொறுங்கலின் ஒலி சீறலும் பொரிதலும் கலந்ததாக, மிக அகன்ற அதிர்வெண் பரப்பில், நெடுந்தொலைவுக்குக் கேட்கும். பழுதான ஒரு பம்பின் உறிஞ்சுபக்கத்தில் இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். குழாய்க்குள் சரளைக்கல் உருள்வதைப் போலவே இருக்கும். முதன்முறை கேட்டபோது உள்ளே கல் நுழைந்துவிட்டது என்று நம்பி மூடியைத் திறக்கச் சொன்னேன். கல் எதுவும் இல்லை; வெண்கல இதழ்களில் பூச்சி அரித்ததைப் போன்ற குழிகள்தான் இருந்தன.

இந்தத் தொல்லையைப் பொறியாளர்கள் முதலில் வேகத்தின் பகையாகவே சந்தித்தார்கள். 1893இல் டேரிங் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் ஓட்டச் சோதனைகளில் புரொப்பெல்லர் எதிர்பார்த்த உந்துதலைத் தரவில்லை. பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸ் தம் டர்பினியா படகில் இதையே கண்டு, 1895இல் சிறியதொரு நீர்ச்சுற்றுத் தொட்டியை அமைத்து, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கின் வெளிச்சத்தில் குமிழிகளைக் கண்ணாலேயே பார்த்தார். ஒற்றைத் தண்டுக்குப் பதிலாக மூன்று தண்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று புரொப்பெல்லர்கள் என்று வேலையைப் பங்கிட்ட பிறகு அந்தப் படகு மணிக்கு 34 கடல் மைலைத் தொட்டது. குமிழி நொறுங்கும்போது எழும் அழுத்தத்தை இயற்பியலாளர் ரேலி பிரபு 1917இல் கணக்கிட்டுக் காட்டினார்.

நீர்மூழ்கிக்கு இதில் ஓர் இயற்கைச் சலுகை உண்டு. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது; அழுத்தம் மிகுந்த நீர் எளிதில் குமிழியாவதில்லை. 10 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 2 வளிமண்டலம், 100 மீட்டரில் 11. குமிழி தொடங்கும் வேகம் ஏறத்தாழ அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், மேலே இருப்பதைவிட அங்கே இரு மடங்குக்கும் சற்றுக் கூடுதலான வேகத்தில் குமிழியின்றி ஓடலாம். அதனால்தான் அவசரமாக வேகமெடுக்க வேண்டிய தலைவர் முதலில் ஆழத்தைத் தேடுகிறார். புரொப்பெல்லரைப் பெரிதாக்கி மெதுவாகச் சுழற்றுவதும், இதழ்களை அரிவாளைப் போல வளைப்பதும், ஒரு வளையக் கூண்டுக்குள் சுழலியை அடக்கி நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பம்ப்ஜெட்டும் இதே குறிக்கோளைக் கொண்டவை. முழு அளவிலான பம்ப்ஜெட்டைப் பிரிட்டன் சர்ச்சில் என்ற நீர்மூழ்கியில் பொருத்திச் சோதித்தது.

பிப்ரவரி 6

ஏன் ஏழு இதழ்கள் என்ற கேள்வி. கப்பற்கூட்டின் பின்னால் நீரோட்டம் சீராக இருப்பதில்லை. சுக்கான்களும் துடுப்புகளும் தம் நிழலை நீரில் விடுகின்றன. அந்த நிழல்கள் பெரும்பாலும் நான்கு. இதழ்களும் நான்காக இருந்தால் நான்கும் ஒரே நேரத்தில் நிழலுக்குள் நுழைந்து தண்டை ஒரே உதறலாக உதறும். ஏழு என்றால் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் நுழையும்.

கேட்பவனுக்கு இந்த எண்ணே ஓர் அடையாளமாகிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 120 சுற்று என்றால் நொடிக்கு 2. ஏழு இதழ்களால் பெருக்கினால் 14 ஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு. கேட்கும் பொறியாளர் இதழ் எண்ணிக்கையையும் சுழல்வேகத்தையும் பிரித்தெடுத்து, கப்பலின் வகையையும் அதன் வேகத்தையும் மதிப்பிடுகிறார். நாங்கள் ஒரு விசிறியின் பழுதைக் கண்டுபிடித்ததும் இதே முறையில்தான்: வரைபடத்தில் ஒரு கோடு எங்கே நிற்கிறது என்று பார்ப்போம், எந்தப் பாகம் அந்த எண்ணிக்கையில் சுழல்கிறது என்று தேடுவோம்.

பிப்ரவரி 9

அமைதியான நீர்மூழ்கியின் ஓசை 100 டெசிபல் என்று எங்கோ படித்ததாகவும், அது ஆலைக்குள் நிற்பதற்குச் சமம் அல்லவா என்றும் ஒருவர் கேட்கிறார். காற்றிலும் நீரிலும் டெசிபலை வேறு வேறு அடிப்படைகளிலிருந்து எண்ணுகிறார்கள். காற்றில் அடிப்படை 20 மைக்ரோபாஸ்கல், நீரில் 1 மைக்ரோபாஸ்கல். இந்த வேறுபாடு 26 டெசிபல். நீரில் சொல்லும் எண்ணிலிருந்து 26ஐக் கழித்தால் காற்றின் எண் கிடைத்துவிடும்.

தொலைவுக் கணக்கையும் சொல்கிறேன். ஒலி எல்லாத் திசைகளிலும் கோளமாக விரிந்தால், தொலைவு இரு மடங்காகும்போது 6 டெசிபல் குறையும். ஆகவே ஒரு நீர்மூழ்கி தன் ஓசையில் 6 டெசிபலைக் குறைத்தால், அதைக் கேட்க எதிரி முன்பிருந்த தொலைவில் பாதிக்கு நெருங்கி வர வேண்டும். 10 டெசிபலைக் குறைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு வர வேண்டும்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தங்கள்.

முதலாவது, 26ஐக் கழித்தால் அழுத்தங்களை ஒப்பிடலாம், ஆற்றலை ஒப்பிட முடியாது. நீர் ஒலிக்குக் காட்டும் எதிர்ப்பு காற்றினுடையதைவிட ஏறத்தாழ 3,600 மடங்கு என்பதால், ஒரே அழுத்தத்தில் அது கடத்தும் ஆற்றல் அத்தனை மடங்கு குறைவு; அதற்காக மேலும் 36 டெசிபலைக் கழிக்க வேண்டும். மொத்தம் 62. அந்த வாசகர் படித்த 100 என்ற எண், ஆற்றல் அளவில் காற்றின் 38 டெசிபலுக்கு நிகர்: ஆலையின் பக்கத்திலேயே வராது, அமைதியான ஓர் அறையோடு ஒப்பிடத்தக்கது.

இரண்டாவது, ஒலி எப்போதும் கோளமாக விரிகிறது என்று எழுதியது கடலுக்குப் பொருந்தாது. கடலுக்கு மேற்பரப்பும் தரையும் உண்டு. ஒலி அவற்றுக்கிடையே சிக்கிப் பக்கவாட்டில் மட்டும் விரியத் தொடங்கினால், தொலைவு பத்து மடங்கானாலும் 10 டெசிபல்தான் குறையும். அத்தகைய கடலில் 10 டெசிபலைக் குறைப்பவன் கேட்கும் தொலைவைப் பத்தில் ஒரு பங்காக்கிவிடுகிறான். நான் சொன்ன மூன்றில் ஒரு பங்கு என்பது அமைதியின் பயனைக் குறைத்துக் காட்டிய கணக்கு.

கடல் இன்னும் விந்தையான வேலைகளைச் செய்கிறது. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. வெப்பம் கூடினால் வேகம் கூடுகிறது, ஆழம் கூடினாலும் கூடுகிறது. மேல்நீர் வெதுவெதுப்பாகவும் அதற்குக் கீழே சட்டென்று குளிர்ந்தும் இருக்கும் இடத்தில், ஒலிக்கதிர் வேகம் குறைந்த பக்கத்துக்கு வளைந்து கீழே இறங்கிவிடுகிறது. மேலே மிதக்கும் கப்பலின் சோனார், அதாவது ஒலியால் தேடும் கருவி, அனுப்பும் ஒலி அந்தப் படலத்தில் வளைந்து போவதால், அதற்குக் கீழே சில கிலோமீட்டர் தொலைவில் ஓர் ஒலிநிழல் உண்டாகிறது. நீர்மூழ்கிகள் தேடிச் சென்று பதுங்குவது அந்த நிழலில்தான். ஆனால் நிழல் இரு பக்கமும் மறைக்கும். அடியில் பதுங்கியவனுக்கும் மேலே நடப்பது மங்கலாகவே கேட்கும்.

இன்னும் கீழே, குளிர்ச்சி நின்று அழுத்தம் வெல்லத் தொடங்கும் ஆழத்தில், ஒலிவேகம் மிகக் குறைவான ஓர் அடுக்கு இருக்கிறது. அதற்குள் புகுந்த ஒலி மேலே போனாலும் கீழே போனாலும் திரும்பவும் உள்ளே வளைக்கப்பட்டு, தரையையோ மேற்பரப்பையோ தொடாமலே ஓடிக்கொண்டிருக்கும். மாரிஸ் யூயிங்கும் ஜோ வோர்செலும் 1944இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். 1960இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே வெடிக்கவைத்த வெடிகளின் ஓசை, உலகத்தின் மறுபக்கத்தில் பெர்முடா அருகே கேட்டது. 1991 ஜனவரியில் ஹெர்ட் தீவிலிருந்து 57 ஹெர்ட்ஸில் அனுப்பிய ஒலி அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் பிடிபட்டது. அணுவெடிச் சோதனைகளைக் கண்காணிக்க வைத்த கருவிகளுக்கு இதே ஆழ்கடல் பாதை வழியாகத்தான் 2017 நவம்பர் 15 அன்று ஒரு செய்தி வந்தது: அசென்ஷன் தீவிலும் குரோசே தீவிலும் உள்ள நிலையங்கள், 44 பேரோடு காணாமல்போன அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கி இருந்த பகுதியிலிருந்து ஒரு திடீர் ஒலியைப் பதிவு செய்திருந்தன. ஓராண்டு கழித்து அதன் சிதைவு கடலடியில் ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. ஒலியை அடக்குவதற்கென்றே கட்டிய கப்பலின் இறுதி ஓசை அவ்வளவு தொலைவு சென்றது என்பதைப் படித்த அன்று நான் வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

பிப்ரவரி 11

தாழ்ந்த ஒலி மட்டும் ஏன் அவ்வளவு தொலைவு செல்கிறது? கடல்நீரில் கரைந்துள்ள மக்னீசியம் சல்ஃபேட்டும் போரிக் அமிலமும் உயர்ந்த ஒலிகளை உறிஞ்சிக்கொள்கின்றன. 10,000 ஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபல் போய்விடும்; 100 ஹெர்ட்ஸில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் போகும். ஆகவே நீர்மூழ்கியைக் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த முனகல்களே. கேட்பவனுக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நீரில் 30 மீட்டர். அது வரும் திசையை அறிய அதைவிடப் பல மடங்கு நீளமான கருவி வேண்டும். கப்பலுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு ஒலிவாங்கிகள் கோத்த கேபிளை இழுத்துச் செல்வது இதற்காகத்தான்.

பிப்ரவரி 14

இப்போது டார்பிடோ. வாசகரின் கூற்றின் இரண்டாம் பாதி முதல் பாதியைவிட ஆழமான தவறு என்று நினைக்கிறேன்.

நீர்மூழ்கி மெதுவாகப் போய் அமைதியை வாங்க முடியும். டார்பிடோவுக்கு அந்த வழி இல்லை. ஓடும் கப்பலைப் பிடிக்க அதைவிட வேகமாக ஓட வேண்டும். உடலை உரசிச் செல்லும் கொந்தளிப்பான நீரின் ஒலியாற்றல் வேகத்தின் ஐந்தாம், ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. ஆறாம் அடுக்கு என்றால் வேகத்தை இரு மடங்காக்கியதும் 64 மடங்கு, அதாவது 18 டெசிபல். சிறிய புரொப்பெல்லர், மிகுந்த சுழல்வேகம், குறைந்த ஆழம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் குமிழிச் சீறல் தவிர்க்க முடியாதது. மின்சார டார்பிடோ உண்மையில் மறைத்தது வேறொன்றை: பழைய டார்பிடோக்களின் கழிவுவாயு குமிழிகளாக மேலெழுந்து வெண்மையான தடம் விட்டது, மின்கல டார்பிடோ அந்தத் தடத்தை விடவில்லை. கண்ணிடமிருந்து தப்பியது; காதிடமிருந்து தப்பவில்லை.

ஓசையைத் தேடிச் செல்லும் டார்பிடோவுக்குத் தன் ஓசையே பெரிய எதிரி. தலையில் காது, வாலில் புரொப்பெல்லர், இரண்டுக்கும் இடையே சில மீட்டர்தான். ஜெர்மனியர் 1943இல் கொண்டுவந்த முதல் ஒலிநாடும் டார்பிடோ மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் மட்டுமே ஓடியது. அதே ஆண்டு செப்டம்பரில் அட்லாண்டிக்கில் பயன்பட்ட த்சௌன்கோனிக் என்ற அடுத்த வகை 24 கடல் மைல் அளவுக்கு உயர்ந்தது. வேகத்தைக் கூட்டினால் காது அடைத்துவிடும் என்பதே எல்லை. நேச நாடுகள் அதற்கு விடையாக இரும்புக் குழாய்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடக்கும் ஒரு கருவியைக் கப்பலின் பின்னே இழுத்துச் சென்றன. டார்பிடோ கப்பலை விட்டுவிட்டு அந்தக் கடகடப்பைத் துரத்தியது. ஆனால் அந்தக் கடகடப்பு இழுத்துச் சென்ற கப்பலின் சொந்தச் சோனாரையும் செவிடாக்கியது. பிப்ரவரி 3 இரவு நான் எழுதியது இங்கேயும் தலைகாட்டுகிறது.

அமெரிக்கர்கள் அதே ஆண்டு மே மாதத்தில் விமானத்திலிருந்து போட்ட ஒலிநாடும் டார்பிடோ இன்னும் மெதுவானது, மணிக்கு 12 கடல் மைல். மேற்பரப்பில் 17 கடல் மைல் ஓடும் ஜெர்மன் நீர்மூழ்கி அதை எளிதாக விஞ்சிவிடும். மூழ்கினால் அதன் உச்ச வேகம் 7 கடல் மைல்தான். எனவே விமானிகள் அது மூழ்கும்வரை பொறுத்திருந்து பிறகு போட்டார்கள். மறைவை நாடி மூழ்கியதே மெதுவான அந்த ஆயுதத்துக்கு அதை இரையாக்கியது. ரகசியம் காக்க அதற்குக் கண்ணிவெடி என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

ஏவும் கணத்தின் ஓசையையும் மறக்கக் கூடாது. குழாயில் நீர் நிரம்பும் ஓசை, வெளிக்கதவு திறக்கும் ஓசை, அழுத்தத்தால் டார்பிடோவை உந்தும் ஓசை ஆகியவை கணநேரம்தான் நீடிக்கும், ஆனால் தேர்ந்த காதுக்கு அந்தக் கணம் போதும். சில நீர்மூழ்கிகளில் டார்பிடோ தன் மோட்டாரை இயக்கிக் குழாயிலிருந்து தானே நீந்தி வெளியேறுவது இதைத் தவிர்க்கத்தான்.

பிப்ரவரி 15

ஓசையைத் துரத்தும் டார்பிடோ சுட்டவனையே தாக்காதா என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அச்சம் அன்றே இருந்தது. த்சௌன்கோனிக் முதல் 400 மீட்டருக்கு எதையும் கேட்காமல் நேராக ஓடும்படி அமைக்கப்பட்டிருந்தது; சுட்டதும் உடனே ஆழத்துக்கு இறங்கி முழு அமைதி காக்க வேண்டும் என்று நீர்மூழ்கிகளுக்குக் கட்டளையும் இருந்தது.

அமெரிக்காவின் டாங் நீர்மூழ்கி 1944 அக்டோபரில் தன் கடைசி டார்பிடோவாலேயே மூழ்கியது. 78 பேர் இறந்தார்கள், 9 பேர் தப்பினார்கள். அந்த டார்பிடோ ஒலியை நாடும் வகையைச் சேர்ந்தது அல்ல. மின்சாரத்தில் ஓடிய அது திசைக்கட்டுப்பாடு தவறி வட்டமடித்துத் திரும்பியது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிப்ரவரி 18

கப்பலின் மேல் ஒட்டும் ரப்பர் ஓடுகளைப் பற்றி. எதிரி ஒலியை அனுப்பி எதிரொலியைத் தேடும்போது, அந்த ஒலியை உறிஞ்சுவதற்காக இது தொடங்கியது. ஜெர்மனியரின் யூ-480 நீர்மூழ்கி 4 மில்லிமீட்டர் கனமான ரப்பர்ப் போர்வையோடு 1944இல் ஆங்கிலக் கால்வாயில் இயங்கியது. உள்ளடுக்கில் வெவ்வேறு அளவுத் துளைகள் இருந்தன, ஒலி அவற்றுக்குள் அலைக்கழிந்து தேய்ந்தது. அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது ரப்பரின் அறிவியலைவிடப் பசைதான். இதை நான் முழுமனதாக நம்புகிறேன். எண்ணெய்ப் பசையும் ஈரமும் உள்ள இரும்பில் ரப்பரை ஒட்டவைக்க நானும் முயன்றிருக்கிறேன். மூன்று மாதம் தாங்கியது. பாதி பிரிந்த துண்டு நீரில் அடித்துக்கொண்டிருந்தால், ஓடு இல்லாத கப்பலைவிட அது கேடு.

இன்றைய ஓடுகள் பல சென்டிமீட்டர் கனமானவை. வெளியிலிருந்து வரும் ஒலியை உறிஞ்சுவதோடு, உள்ளிருந்து கூட்டுக்கு வரும் அதிர்வு நீரைச் சேராமலும் தடுக்கின்றன.

பிப்ரவரி 22

சோவியத் நீர்மூழ்கிகள் அமைதியானது ஜப்பானிய இயந்திரங்களால்தானே என்று ஒருவர். ஒரு ஜப்பானிய நிறுவனம் விற்ற பல அச்சுகளில் உலோகத்தைச் செதுக்கும் இயந்திரங்களும் ஒரு நார்வே நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஏற்றுமதித் தடையை மீறி சோவியத் கப்பல் தளத்துக்குச் சென்றது 1987இல் வெளிப்பட்டது. அமெரிக்காவில் பெருங்கொந்தளிப்பு எழுந்தது. துல்லியமாகச் செதுக்கிய புரொப்பெல்லர் உதவியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு முன்பே, 1970களின் இறுதியில் வந்த விக்டர் வகையின் மூன்றாம் தலைமுறை தன் முன்னோரைவிட அமைதியாகிவிட்டிருந்தது. 1985இல் பிடிபட்ட, அமெரிக்கக் கடற்படையில் இருந்த ஜான் வாக்கரின் உளவு வளையம், சோவியத் கப்பல்கள் எவ்வளவு தொலைவிலிருந்து கேட்கப்படுகின்றன என்பதை சோவியத்துக்குப் பல ஆண்டுகளாகத் தெரிவித்துவந்தது. தன் ஓசை கேட்கிறது என்று தெரிந்துகொள்வதே முதல் படி. என் தொழிலில் ஓர் ஆலையின் முதலாளிக்கு அளவுக் காகிதத்தைக் காட்டிய பிறகுதான் வேலை தொடங்கும்.

பிப்ரவரி 24

கடலின் சொந்த ஓசைகளைப் பற்றி எழுதாமல் இது முழுமையாகாது. சொடுக்கு இறால் என்ற விரலளவு உயிரி தன் பெரிய இடுக்கியை மூடும்போது வரும் வெடிப்பு, ஆழம் குறைந்த வெப்பக்கடல்களில் ஓயாத பொரிதலாக நிறைந்து, இரண்டாம் உலகப் போரில் சோனாருக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. இடுக்கியின் இரு பக்கங்கள் மோதுவதால் அந்த ஓசை வருகிறது என்று நெடுங்காலம் எண்ணினார்கள். 2000இல்தான் அதிவேகப் படப்பிடிப்பில் உண்மை தெரிந்தது: இடுக்கி பீய்ச்சும் நீர்த்தாரையில் ஒரு குமிழி பிறந்து நொறுங்குகிறது, ஓசை அதனுடையது. பார்சன்ஸின் புரொப்பெல்லரில் நிகழ்ந்ததை அந்த இறால் வேட்டைக்குப் பயன்படுத்துகிறது.

ஸ்வீடனில் 1981இல் ஒரு சோவியத் நீர்மூழ்கி பாறையில் ஏறிச் சிக்கிய பிறகு, கடற்படை ஒவ்வொரு புதிய ஓசையையும் ஐயத்தோடு கேட்டது. நீர்மூழ்கிக்கே உரியது என்று கருதப்பட்ட ஓர் ஓசையை 1990களில் மாக்னஸ் வால்பெர்க்கும் ஹோகன் வெஸ்டர்பெர்க்கும் ஆராய்ந்து, அது ஹெர்ரிங் மீன் கூட்டங்கள் காற்றுப்பையிலிருந்து வெளியேற்றும் வாயுவின் குமிழிகள் என்று கண்டார்கள். 1960களில் நீர்மூழ்கி மாலுமிகள் தென்கடலில் கேட்ட, வாத்தின் கத்தலைப் போன்ற ஒலி அண்டார்டிக் மிங்கி திமிங்கிலங்களுடையது என்று 2014இல்தான் உறுதியானது.

மார்ச் 1

முதல் குறிப்பை மீண்டும் படித்தேன். வாசகரை நான் மறுத்த வேகம் கூடுதல். இத்தனை நாள் எழுதிய பிறகு, அவர் சொன்னதில் ஒரு பகுதிக்கு இடம் தர வேண்டியிருக்கிறது. மின்கலத்தில் மணிக்கு மூன்று, நான்கு கடல் மைல் வேகத்தில் ஊரும் நல்லதொரு நீர்மூழ்கியின் ஓசை, காற்றும் அலையும் தொலைவுக் கப்பல்களும் சேர்ந்து எழுப்பும் பின்னணி இரைச்சலுக்குள் மறைந்துவிடக்கூடும். ஓசை இருக்கிறது, அதைப் பிரித்தெடுக்க முடிவதில்லை. 2005இல் அமெரிக்கா பயிற்சிக்காக வாடகைக்கு அமர்த்திய ஸ்வீடனின் கோட்லாண்ட், வெளிக்காற்று தேவைப்படாத ஸ்டர்லிங் எஞ்சினால் வாரக்கணக்கில் மூழ்கியிருக்கும் ஆற்றல் கொண்டது, ரொனால்ட் ரேகன் விமானந்தாங்கியைக் காக்கும் வளையத்தைத் தாண்டி அதன் அருகே சென்றது. 2009 பிப்ரவரியில் பிரிட்டனின் வேன்கார்டும் பிரான்ஸின் லெ டிரியோம்ஃபானும் அட்லாண்டிக்கின் ஆழத்தில் உரசிக்கொண்டன. இரண்டும் அணுவாற்றலில் ஓடியவை, இரண்டும் மற்றொன்றைக் கேட்கவில்லை.

ஆனால் அவர் சொல்லும் மின்கலம் தீரும். வேகம் கூடினால் மணிக்கணக்கில் தீரும், ஊர்ந்தால் சில நாளில் தீரும். அப்போது நீர்மூழ்கி மேலே வந்து, காற்றை இழுக்கும் ஸ்நார்க்கல் குழாயை நீட்டி டீசல் எஞ்சினை ஓட்டியாக வேண்டும். தனித்தளமும் ஓடுகளும் அந்த எஞ்சினின் முழு ஓசையை மறைக்கப் போதாது, குழாயின் தலையை ரேடாரும் காணும். ஜப்பான் 2020இல் பணியில் சேர்த்த ஓர்யூ நீர்மூழ்கியில் ஈயமின்கலத்துக்குப் பதிலாக லித்தியம் அயான் மின்கலம் வைத்ததற்குக் காரணம், அந்த மேலெழும் நேரங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான்.

மார்ச் 2

நேற்றைய குறிப்பில் டார்பிடோவைச் சேர்க்க மறந்தேன். அதற்கு நான் இடம் தரவில்லை. பிப்ரவரி 14 குறிப்பில் எழுதிய கணக்கு அப்படியே நிற்கிறது; ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கம்பி வழியே வழிநடத்தப்படும் இன்றைய டார்பிடோ முதல் பகுதித் தொலைவை மெதுவாகக் கடந்து, தன் காதையும் காத்து, தன் ஓசையையும் அடக்கி, இறுதியில்தான் முழு வேகமெடுத்து ஒலித்துடிப்புகளை அனுப்புகிறது. அந்த இறுதிப் பகுதியில் எதிரிக்கு அது தெளிவாகவே கேட்கும். அவனுக்கு அப்போது மிஞ்சுவது ஓரிரு நிமிடங்கள்.